ப்ளக் போட்டாச்சா?

ஹல்யா: …கப்பை அப்படி வெறுமனே பெட்டியில போடாதடா, ஓரெஸ்ட். பேப்பர் சுத்து. விக்டோரியா போய்ச் சேர்றதுக்குள்ள பொடிப்பொடியாயிடும்.

ஓரெஸ்ட்: போனாப் போகட்டும்க்கா. ஒத்த ஆளுக்கு எத்தனை கப் வேணும்?

ஹல்யா: பேசுற பேச்சைப் பாரு. மகன் வீட்டோட போய் இருக்கப்போறவன் பேச்சா இது? யாரோ ஜெயிலுக்குக் கிளம்புற மாதிரி இருக்கு… இரு, கதவுகிட்ட ஏதோ சத்தம்.

ஓரெஸ்ட்: காத்தா இருக்கும்.

ஹல்யா: காத்து படியில பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிட்டு வராது. போய்த் திற.

ஓரெஸ்ட்: நீ திறயேன். என் கையெல்லாம் பேப்பர் மை.

ஹல்யா: பக்கத்து வீட்டு வெர்னான்னு தெரிஞ்சாத்தான் உன் கையில மை ஒட்டும்… வாம்மா, வா, சீக்கிரம் உள்ள வா. வின்னிபெக் குளிர் மொத்தமும் உன் பின்னாடியே வருது.

வெர்னா: மைனஸ் முப்பத்தஞ்சுக்கா. சாயங்காலம் இன்னும் முழுசா இருட்டக்கூட இல்ல, அதுக்குள்ள. இதை எங்க வைக்கட்டும்? ரெண்டு கையிலயும் சாமான்.

ஹல்யா: மேசையில வை. அந்தத் தட்டையெல்லாம் தள்ளு. என்ன, உங்க ஐஸ்லாந்து அடுக்கு கேக்கா? கொடிமுந்திரி வச்சு?

வெர்னா: ஆமாக்கா.

ஹல்யா: இதை நீங்க கிறிஸ்துமஸுக்குத்தானே பண்ணுவீங்க? ஜனவரி முடியப்போகுதே.

வெர்னா: எங்க வீட்ல இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இப்பத்தான் வந்துச்சுன்னு வச்சுக்குங்களேன்.

ஹல்யா: சரி… அந்தக் கையில?

வெர்னா: இவரோட வயர். ஆரஞ்சு வயர். சுருட்டி எடுத்துட்டு வந்தேன்.

ஓரெஸ்ட்: அது அங்கயே கிடக்கட்டும்னு சொல்லலாம்னு இருந்தேன். விக்டோரியாவுல அதுக்கு வேலை இல்ல.

ஹல்யா: நான்கூட, போகாதேன்னு சொல்லத்தான் ஓடி வர்றியோன்னு நெனச்சேன்.

வெர்னா: …இல்லக்கா. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

ஹல்யா: ஓ. நன்றி.

ஓரெஸ்ட்: அக்கா, நீ அந்த ஸ்பூனை எல்லாம் பாரேன்.

ஹல்யா: ஸ்பூனைக் கையால பார்க்குறேன், காது சும்மாதானே இருக்கு. நீ உக்காரும்மா. கோட்டைக் கழட்டு.

வெர்னா: இல்ல, ஒரு நிமிஷம்தான்.

ஹல்யா: கழட்டுன்னேன். ஆமா, நாளைக்குக் காலையில வீடு பார்க்க ரெண்டாந்தடவையா ஒரு ஜோடி வருது, தெரியுமா? வான்கூவர்க்காரங்க, இந்த மாதிரி குளிரையே பார்க்காதவங்க. இவன் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா வீடு அவங்களுக்கு.

வெர்னா: ‘வீடு விற்பனைக்கு’ன்னு போர்டைப் பார்த்தேன்க்கா. டிசம்பர்லேர்ந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.

ஹல்யா: பாவம், சின்னஞ்சிறுசுங்க. போன வாரம் வந்தப்போ இவன் வண்டி முன்னாடி வயர் தொங்குறதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு, ‘ஓ, கரண்ட்ல ஓடுற வண்டியா’ன்னு கேட்டா. இவன் வண்டிக்கு இருபது வயசு.

வெர்னா: நீங்க என்ன சொன்னீங்க, ஓரெஸ்ட்?

ஓரெஸ்ட்: என்ன சொல்றது. இன்ஜினுக்கு அடியில ஒரு ஹீட்டர் இருக்கும்மா, ராத்திரி பூரா கரண்ட்ல இருந்தாத்தான் காலையில எண்ணெய் இளகி வண்டி கிளம்பும்னேன். அவன் உடனே ‘மறந்துட்டா?’ன்னான். மறந்துட்டா நடந்து போன்னேன்.

ஹல்யா: வீடு விக்கிற லட்சணம்.

ஓரெஸ்ட்: பொய் சொல்லச் சொல்றியா? என் பேரனும் அப்படித்தான். போன்ல பேசி முடிச்சதும் பழக்கதோஷத்துல, ‘சரிடா கண்ணு, ப்ளக் போட்டாச்சா?’ன்னேன். ‘எதுக்கு தாத்தா, போனுக்கா?’ன்னு கேக்குறான்.

வெர்னா: இந்த ஊர்ல எதுக்குன்னு யாரும் கேக்கமாட்டாங்க.

ஹல்யா: நான் டொரன்டோ போன புதுசுல, யாரு வீட்லேர்ந்து கிளம்பினாலும் யாராவது கேப்பாங்கன்னு வாசல்ல ஒரு நிமிஷம் நிப்பேன். ‘வீட்டுக்குப் போனதும் ப்ளக் போட்டுடு’ன்னு. ஒருத்தரும் கேக்கல. நல்லாப் பேசினாங்க, சிரிச்சாங்க, கதவைச் சாத்திட்டாங்க. என்னவோ கோபமா இருக்காங்கன்னே நெனச்சேன் நான்.

வெர்னா: எங்க அம்மா கடைசியில என் பேரைக்கூட மறந்துட்டாங்க. ஆனா நான் கிளம்பும்போது மட்டும், ‘ப்ளக் போட்டியா பொண்ணே’ன்னு கேப்பாங்க.

ஹல்யா: அதான் நம்ம ஊரு. இவனை எடுத்துக்கோ, தன் கல்யாணத்தன்னைக்கு வயரைக் கழட்டாமலே வண்டியை எடுத்து, சர்ச் வரைக்கும் வாலை இழுத்துக்கிட்டே போனவன்.

ஓரெஸ்ட்: அக்கா.

ஹல்யா: பாதிரியாரே வாசல்ல நின்னு, ‘தம்பி, பின்னாடி ஏதோ வருது’ன்னார்.

வெர்னா: இது எனக்குத் தெரியாதே.

ஹல்யா: இவன் எதைத்தான் சொல்லுவான்? சரி, நீ சொல்லு. நன்றி எதுக்கு?

வெர்னா: வயருக்கு. அப்புறம்… அதுக்கு முன்னாடி நாலு குளிர்காலத்துக்கும் சேர்த்து. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், எனக்கு எதுவுமே ஞாபகத்துல நிக்காது. அடுப்பைப் பத்த வச்சிட்டுப் போய்ப் படுத்துடுவேன். வண்டிக்கு ப்ளக் போடுறது அவர் வேலையாவே இருந்ததா, எனக்குத் தோணவே தோணாது. காலையில திடுக்குன்னு எழுந்து ஓடினா, வண்டி என் வாசல் ப்ளக் கம்பத்துல மாட்டியிருக்கும்.

ஓரெஸ்ட்: குப்பை போட வர்றப்போ பார்த்தேன். கையோட மாட்டிவிட்டேன். இதுக்குப் போயி…

வெர்னா: குப்பை வண்டி வாரத்துக்கு ஒருநாள்தான் வருது, ஓரெஸ்ட். என் வண்டி தினமும் சூடா இருந்துச்சு.

ஹல்யா: ஹ்ம்.

ஓரெஸ்ட்: என்னக்கா ஹ்ம்?

ஹல்யா: தொண்டை கமறுச்சு. நீ சொல்லும்மா. வயர் கதை என்ன? அது இந்த வருஷம்தானே?

வெர்னா: நவம்பர்லேர்ந்து. அதுக்குத்தான் முக்கியமா வந்தேன். என் தம்பி பால்டுர் வந்திருந்தான், ஏரிக்கரையிலேர்ந்து. ரெண்டு மாசத்துக்கு மேல என்கூடத்தான் இருந்தான்.

ஓரெஸ்ட்: …தம்பியா?

வெர்னா: தம்பிதான். சாம்பல் கலர் ட்ரக்கு. பார்த்திருப்பீங்களே.

ஓரெஸ்ட்: பார்த்தேன்.

ஹல்யா: ஓ. அந்த ட்ரக்கா.

ஓரெஸ்ட்: அக்கா, வேணாம்.

ஹல்யா: நான் ஒண்ணுமே சொல்லலையே. உன் தம்பி மீன்பிடிக்கிறவன்தானே? நல்ல சீசன்ல ஏரியை விட்டுட்டு இங்க என்னம்மா வேலை?

வெர்னா: தொண்டையில கட்டிக்கா. கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. தினமும் காலையில ஏழரைக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்.

ஹல்யா: அடக் கடவுளே.

வெர்னா: யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். ‘ஏரிக்கரையில ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும்க்கா, என் வலையை விலை பேச வந்துடுவானுங்க’ன்னான். உங்ககிட்ட சொன்னா என்னன்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு மச்சான் ஏரிக்கரையில இருக்காருல்ல, வேணவே வேணாம்னுட்டான்.

ஓரெஸ்ட்: மச்சான் இருக்கான்தான். என் வீட்டுக்காரி இறந்தப்புறம் நான் அவன்கிட்ட பேசினதே இல்ல, வருஷக்கணக்காச்சு.

வெர்னா: அதையும் சொன்னேன். கேக்கலை.

ஹல்யா: இப்போ எப்படி இருக்கான்?

வெர்னா: நேத்து வீட்டுக்குப் போயிட்டான்க்கா. கட்டி கரைஞ்சுடுச்சாம். டாக்டரம்மா சொன்னதும் வண்டியில வந்து உக்காந்துட்டு, ‘இனிமே யார்கிட்ட வேணா சொல்லிக்கோ’ன்னான். குரல்தான் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு. அது வந்துடும்னாங்க.

ஓரெஸ்ட்: நல்ல சேதி, வெர்னா. ரொம்ப நல்ல சேதி.

வெர்னா: அந்தச் சேதியில உங்களுக்குப் பங்கு இருக்கு. அதைச் சொல்லாம உங்களை அனுப்பிட்டா எனக்குத் தூக்கம் வராது. கரண்ட் வச்ச பிறகு அவனால ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. நான்தான் என் வண்டியில கூட்டிட்டுப் போய் வருவேன். ஆனா அவன் ட்ரக்கை தினம் சாயங்காலம் அவனே போய்க் கம்பத்துல மாட்டுவான். எடுக்கவே மாட்டான், ஆனா மாட்டுவான்.

ஹல்யா: எடுக்காத வண்டிக்கு எதுக்கும்மா?

வெர்னா: நானும் கேட்டேன். ‘நாளைக்கே வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்கன்னா? வண்டி தயாரா இருக்கவேணாமா?’ன்னான். அதுக்கப்புறம் நான் கேக்கல. ஒருநாள் தவறினாலும் வைத்தியம் தள்ளிப்போகும்னு நர்ஸ் சொல்லியிருந்தா. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஞாபகம் இருக்கா? பாதித் தெருவுக்கு வண்டி கிளம்பல. பஸ்ஸே நின்னுபோச்சு. அன்னைக்கும் சாவியைத் திருப்பினதும் என் வண்டி கிளம்புச்சு. எப்பவும் போல ஆரஞ்சு வயர் வேலி மேல ஏறி, உங்க வீட்டு வாசல் பாயிண்ட் வரைக்கும் போகுது.

ஓரெஸ்ட்: உங்க கம்பத்துல இடம் இல்ல, அவர் வண்டி மாட்டியிருந்துச்சு. அதான் இங்கேர்ந்து இழுத்தேன். பெரிய வேலையா அது?

வெர்னா: …ஆமா, கம்பத்துல அவன் வண்டி இருந்துச்சு.

ஹல்யா: என்னம்மா, இழுத்து இழுத்துச் சொல்றே?

வெர்னா: ஒண்ணுமில்லக்கா.

ஹல்யா: சரி, நீ நன்றி சொல்லிட்டே. கேக் கொடுத்துட்டே. வயரும் வந்தாச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சனிக்கிழமை இவன் கிளம்பிடுவான்.

வெர்னா: …ஆமா.

ஹல்யா: ரெண்டு பேரும் இப்படியே மேசையைப் பார்த்துக்கிட்டு இருங்க. நான் பாவம் கிழவி, டொரன்டோவுலேர்ந்து கப் சுத்த வந்திருக்கேன்.

வெர்னா: நான் ஒண்ணு கேக்கலாமா, ஓரெஸ்ட்? தப்பா எடுத்துக்கக் கூடாது.

ஓரெஸ்ட்: கேளுங்க.

வெர்னா: செப்டம்பர்ல வேலிக்கு பெயிண்ட் அடிக்கும்போது, அடுத்த வருஷம் தக்காளி எங்க போடலாம்னு என்கிட்ட யோசனை கேட்டீங்க. டிசம்பர்ல போர்டு வச்சிட்டீங்க. நடுவுல என்ன ஆச்சு? மகன் கூப்பிட்டாரா?

ஓரெஸ்ட்: முட்டி வலி. பனி தள்ள முடியல. அங்க குளிரே இல்ல, ஜனவரியிலயே பூ பூக்குதாம். அப்புறம் பையனும்…

ஹல்யா: பையன் கூப்பிடல.

ஓரெஸ்ட்: அக்கா…

ஹல்யா: இவன்தான் பையனுக்குப் போன் பண்ணி, கீழ் ரூம் காலியா இருக்கான்னு கேட்டான். அவன் பதறிப்போய் எனக்குப் போன் பண்றான், அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா அத்தைன்னு. இவனைக் கேட்டா, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு ஒருமணி நேரம். கடைசியில சொல்றான், ‘வெர்னா வீட்ல ஒரு ட்ரக் நிக்குதுக்கா’ன்னு.

ஓரெஸ்ட்: போதும்.

ஹல்யா: நின்னா என்னடா, யாராவது விருந்தாளியா இருக்கும்னேன். ‘சும்மா நிக்கல. ப்ளக் போட்டு நிக்குது’ன்னான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லம்மா. நம்ம தெருவுல சும்மா நிக்கிற வண்டி விருந்தாளி வண்டி. ப்ளக் போட்டு நின்னா, ராத்திரி தங்குறவன் வண்டி. அதுவும் தினம் தினம்.

வெர்னா: எனக்கு அது தோணவே இல்லையே. எதிர் வீட்டு மேவிஸ் ரெண்டு தடவை என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சா. பல்லு கட்டியிருக்கா போலன்னு நெனச்சேன்.

ஹல்யா: தெருவே பேசியிருக்கும்.

வெர்னா: ஓரெஸ்ட், என்னைப் பாருங்க. நீங்க அப்படியா நெனச்சீங்க?

ஓரெஸ்ட்: தப்புன்னு நெனக்கல, வெர்னா. நீங்க நல்லா இருக்கணும். நாலு வருஷமா தனியா இருக்கீங்க. யாரோ ஒருத்தர் வந்திருக்கார், சந்தோஷம்னுதான்… ஆனா தினம் சமையல் ரூம் ஜன்னல்லேர்ந்து அதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. அவ்வளவுதான். அது உங்க தப்பில்ல.

வெர்னா: அப்படி நெனச்சிட்டு, ஏன் வயரை இழுத்து வந்து மாட்டினீங்க?

ஓரெஸ்ட்: குளிர் அடிக்குதே.

வெர்னா: ஓரெஸ்ட்.

ஓரெஸ்ட்: கோபம் வந்துச்சு, போதுமா? அந்த ஆள் தன் வண்டியை மட்டும் அக்கறையா மாட்டிட்டு உள்ள போறான். பக்கத்துல உங்க வண்டி வயரைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. இப்படி ஒரு ஆளையா இவங்க பார்த்துப் பிடிச்சாங்கன்னு இருந்துச்சு.

ஹல்யா: இதைத்தான் என்கிட்டயும் போன்ல சொன்னான். ‘அவன் நல்லவன் இல்லக்கா. பொம்பளை வண்டிக்கு ப்ளக் போடாதவன் நல்லவனா இருக்க முடியாது’ன்னு. எனக்கு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு.

வெர்னா: பாவம் பால்டுர். அவனுக்குக் குனிஞ்சு நிமிரவே முடியாது. ஒரு ப்ளக் மாட்டிட்டுப் படியில உக்காந்து மூச்சு வாங்குவான்.

ஓரெஸ்ட்: எனக்கு எப்படித் தெரியும்? அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். மனசுக்குள்ள என்னென்னமோ திட்டியிருக்கேன்.

வெர்னா: அவன் உங்களைப் பத்தி ரொம்ப நல்லவிதமாப் பேசுவான். ‘யாருக்கா அது, பேயா? ராத்திரியானா வயர் வருது’ன்னு. ஊருக்குப் போனதுமே உங்களுக்கு மீன் கொடுத்தனுப்பியிருக்கான், வீட்ல இருக்கு. நீங்க கிளம்புறீங்களேன்னு கொண்டு வரல.

ஹல்யா: மீன் கெட்டுப்போகாது, வெளிய மைனஸ் முப்பத்தஞ்சு. ஆளுதான் கையை விட்டுப் போயிடுவான். சொல்ல வேண்டியதைச் சொல்லு.

வெர்னா: அக்கா, நீங்க இருக்கும்போது எப்படி…

ஹல்யா: நான் ஸ்பூன் எண்ணிக்கிட்டு இருக்கேன்.

வெர்னா: …போர்டைப் பார்த்தப்போ, இவருக்குப் போகணும்னு இருக்கு, நாம யாரு தடுக்கன்னு நெனச்சேன், ஓரெஸ்ட். அதான் வாயைத் திறக்கல. ஆனா நேத்து பால்டுர் போனதும் வீடு வெறிச்சுன்னு ஆச்சு. உக்காந்து யோசிச்சேன். சர்ச்ல, கடையில, போன்ல, எத்தனையோ பேர் என்னை ‘ப்ளக் போட்டாச்சா’ன்னு கேக்குறாங்க. கேக்காமலே வந்து போட்டுட்டுப் போறது நீங்க ஒருத்தர்தான். எனக்கு அந்த ஒருத்தர் வேணும்… போகாதீங்க.

ஹல்யா: டேய். அவ சொல்லிட்டா. இப்ப உன் முறை.

ஓரெஸ்ட்: பையன் கட்டில் வாங்கிப் போட்டிருக்கான்க்கா.

ஹல்யா: கட்டில் ஓடிப்போயிடாது. மார்ச்ல போய் நாலு நாள் படுத்துட்டு வா. இவளையும் கூட்டிட்டுப் போ, பூ பார்க்கட்டும்.

ஓரெஸ்ட்: அந்த வான்கூவர் பசங்க…

ஹல்யா: அவங்களுக்கு வண்டி எது, வயர் எதுன்னே தெரியல. ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாங்க. அவங்களைக் காப்பாத்தின புண்ணியம் உனக்கு. என்ன சொல்றே?

ஓரெஸ்ட்: நானே போன் பண்றேன். வீடு விக்கிறதா இல்லன்னு சொல்லிடுறேன்… வெர்னா, அழாதீங்க. அக்கா, அந்தத் துண்டை எடு.

ஹல்யா: துண்டைப் பெட்டியில போட்டாச்சு. இந்தா, பேப்பர்.

வெர்னா: அழல. கண்ணுல பனி இளகுது, அவ்வளவுதான். சரி… இன்னொண்ணும் சொல்லிடுறேன். மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல. சிரிக்கக் கூடாது.

ஹல்யா: சிரிப்பேன். சொல்லு.

வெர்னா: என் கம்பத்துல ரெண்டு பாயிண்ட் இருக்குக்கா. ட்ரக் ஒண்ணுலதான் மாட்டியிருந்துச்சு. இன்னொண்ணு காலியாத்தான் இருந்துச்சு.

ஹல்யா: அப்போ வயரே வேண்டியதில்லையா?

வெர்னா: இல்ல. முதல் நாள் நானே போய் மாட்டத்தான் கோட்டைப் போட்டேன். ஜன்னல்ல பார்த்தா இவர், கையுறையைப் பல்லுல கடிச்சிக்கிட்டு, வேலி மேல வயரைத் தூக்கிப் போட்டுட்டு இருக்கார். விளக்கை அணைச்சிட்டு நின்னு பார்த்தேன். கோட்டைக் கழட்டி மாட்டிட்டேன். அப்புறம் தினமும்… வேணும்னேதான் தொங்கவிட்டேன். இருட்டினா இவர் வர்றது கேக்கும். பகல் பூரா ஆஸ்பத்திரியில பிடிச்சு வச்சிருந்த மூச்சை அப்பத்தான் விடுவேன்.

ஹல்யா: அடிப்பாவி. இவன் முட்டி வலியோட வேலியில ஏறியிருக்கான்… இரு இரு. டேய், நாலு வருஷமா அதே கம்பத்துல போய் மாட்டினவன்தானே நீ? ரெண்டாவது பாயிண்ட் உன் கண்ணுல படவே இல்லையா?

ஓரெஸ்ட்: பட்டுச்சுக்கா.

வெர்னா: தெரியுமா? தெரிஞ்சுமா அத்தனை தூரம் வயரை இழுத்தீங்க?

ஓரெஸ்ட்: அந்த ட்ரக் ப்ளக்குக்குப் பக்கத்துல கொண்டுபோய் மாட்ட எனக்கு மனசு வரல, வெர்னா… ஊரை விட்டுப் போற வரைக்குமாவது, என் வீட்டுக் கரண்ட்ல உன் வண்டி கிளம்பட்டுமேன்னுதான்.